ஊழியர்களுக்கு ஏஐ பழக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஐந்து பேர், பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் ஏஐ பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒருநாள் மதியம் எல்லோரையும் உட்காரவைத்து, யாராவது ஒருவர் திரையில் சாட்ஜிபிடியைத் திறந்து கவிதை எழுதச் சொல்லிக் காட்டுவார். எல்லோரும் ரசிப்பார்கள். மறுநாள் காலையில் அவரவர் பழைய வேலையைப் பழைய வழியிலேயே செய்துகொண்டிருப்பார்கள்.

கவிதை எழுதுவது அங்கே யாருடைய வேலையும் இல்லை, அதுதான் சிக்கல். கருவியைக் காட்டிவிட்டு வேலையைத் தேடுகிறோம். அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எந்த வேலை உங்களை அதிகம் சலிக்கவைத்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். புகார்களுக்குப் பதில் எழுதுவது, நீளமான மின்னஞ்சலைச் சுருக்குவது, கூட்டக் குறிப்பு தயாரிப்பது என்று ஏதாவது வரும். அதில் ஒன்றே ஒன்றை எடுத்து அவரோடு உட்கார்ந்து செய்து காட்டினால் போதும்.

புகார்க் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். "பொருள் உடைந்து வந்ததாகச் சொல்லும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுது" என்று கேட்டால் பணிவான, பிழையில்லாத கடிதம் வரும். நடுவில் "ஏழு நாட்களுக்குள் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரியும் சேர்ந்து வரக்கூடும். உங்கள் நிறுவனத்தில் அப்படி விதியே இல்லை, மாற்றுப் பொருள்தான் தருவீர்கள். ஏஐ பொய் சொல்ல நினைக்கவில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. இந்த மாதிரிக் கடிதங்களில் வழக்கமாக வரும் வரியைப் போட்டுவிட்டது. உங்கள் விதியை நீங்கள் சொல்லவே இல்லையே!

இப்போது அதே ஊழியரை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "மாற்றுப் பொருள் மட்டும்தான் தருவோம். உடைந்த பொருளின் படம் வேண்டும். இதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் தராதே. ஆறு வரிக்குள் எழுது." இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

அந்த ஏழு நாள் வரி அப்படியே வெளியே போயிருந்தால் பொறுப்பு யாருடையது? 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்றின் முன் இதே கேள்வி வந்தது. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) ஒருவரிடம் தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் தனி ஆள் மாதிரி, அதன் பேச்சுக்கு அதுதான் பொறுப்பு என்கிற தொனியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை, இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று.

சரிபார்க்கக் கற்றுக்கொடுக்காததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். "சரிபாருங்கள்" என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோம். எதை வைத்துச் சரிபார்ப்பது என்று சொல்வதில்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்ற மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது என்று பிறகு தெரிந்தது. 5,000 டாலர் அபராதம். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு "இது உண்மையான வழக்குதானா?" என்று கேட்டிருந்தார். கேட்டது சாட்ஜிபிடியிடமே! அதுவும் ஆமாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே ஊழியருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தொகையை பில்லோடு ஒப்பிடு, தேதியை ஆர்டரோடு ஒப்பிடு, விதியை நம் விதித்தாளோடு ஒப்பிடு. ஏஐயிடம் மறுபடி கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

இங்கேதான் இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இளசுகளுக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று புதிதாகச் சேர்ந்தவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவார்கள். விரல் வேகம் அவருக்கு இருக்கலாம். ஆனால் பதிலைப் பார்த்த உடனே "இந்தக் கணக்கு இடிக்குதே" என்று சொல்லக்கூடியவர் பல வருடமாக அந்த வேலையைப் பார்த்தவர்தான். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது நல்லது.

அப்புறம், தகவல் விஷயம். வாடிக்கையாளர் பெயர், போன் எண், வங்கி விவரம், சம்பளப் பட்டியல், கடவுச்சொல் ஆகியவற்றை எந்த ஏஐயிலும் ஒட்டக்கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பல இலவசக் கணக்குகளில் நாம் எழுதுவது அந்த ஏஐக்கே பயிற்சி கொடுக்கவும் பயன்படலாம். அதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் நிரல்வரிகளைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்ததும் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. சிறு நிறுவனத்தில் வெறும் தடை பெரிதாக உதவாது. ஊழியர் தன் போனில் ரகசியமாகப் பயன்படுத்துவார், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ரகசியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மணி நேர வேலையை அரை மணியில் முடித்தேன் என்று சொன்னால் வேலையே போய்விடுமோ என்ற பயம். மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யப் போகிறோம் என்று முதலாளி முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நல்ல உத்தி கண்டுபிடித்தவர்கூட அடுத்தவருக்குக் காட்ட மாட்டார்.

பலன் பார்க்கும்போது எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று எண்ணாதீர்கள். திருத்திய நேரத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆனது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் கையால் எழுதும் கடிதத்துக்கு ஏஐயோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டினால் அந்த வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே நாள் பயிற்சியோடு முடித்துக்கொள்ளாமல், ஒரு தப்பு நோட்டு போட்டுவையுங்கள். ஏஐ எங்கே தவறியது, யார் கண்டுபிடித்தார், எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று மூன்று வரி. வாரம் ஒருமுறை கால் மணி நேரம் அதைச் சேர்ந்து படிக்கலாம். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் அந்த நோட்டையே கையில் கொடுத்துவிடலாம்.