கட்டணச் சேவையா, சொந்த ஜென்கின்ஸா? கடலோரச் சிறு குழுவுக்கு ஒரு கணக்கு

தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ நாலு பேர் உட்கார்ந்து மீன் ஏலக் கணக்குக்குச் செயலி எழுதுகிறீர்கள். எழுதிய நிரலை (கோடு) ஏற்றியதும், அதைச் செயலியாகக் கட்டும் பில்டும் சரிபார்க்கும் டெஸ்டும் தானாக ஓட வேண்டும். இதற்கு கிட்ஹப் ஆக்சன்ஸ் போன்ற இணையச் சேவைகள் உண்டு, சொந்தக் கணினியில் நிறுவும் ஜென்கின்ஸ் என்ற திறமூல மென்பொருளும் உண்டு. கட்டணமா, திறமூலமா என்று வாதாடுவதற்கு முன் நிமிடக் கணக்குப் போடுங்கள்.

ஆளுக்கு நாளைக்கு 6 புஷ் (கோடு ஏற்றுதல்), ஒரு ஓட்டம் 8 நிமிடம், மாதம் 24 வேலைநாள்: 4 × 6 × 8 × 24 = 4,608 நிமிடம். கிட்ஹப் ஆக்சன்ஸ் இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போவுக்கு (வெளியார் பார்க்க முடியாத கோடு கிடங்கு) மாதம் 2,000 நிமிடம்தான், அதேபோன்ற சேவையான கிட்லேபில் 400. பலரும் கோட்டைவிடுவது இன்னொன்றில்: கிட்ஹப் ஒவ்வொரு ஜாபையும் (ஓட்டத்துக்குள் தனித்தனியாக ஓடும் வேலை) முழு நிமிடமாக ஏற்றிக் கணக்கிடும். 20 விநாடி ஜாப் ஐந்து ஓடினால் 5 நிமிடம் போகும். ஒரே ஜாபாகச் சேர்த்தால் 2 நிமிடம். புது புஷ் வந்ததும் பழைய ஓட்டம் ரத்தாகட்டும், ரீட்மீ (விளக்கக் குறிப்பு) திருத்தினால் பில்டே ஓட வேண்டாம், செயலிக்குத் தேவையான வெளி நிரல்தொகுப்புகளை (டிபென்டென்சி) ஒவ்வொரு முறையும் இறக்காமல் கேஷில் சேமித்து வையுங்கள். இவ்வளவும் செய்தபின் மறுபடி எண்ணுங்கள். காசு கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

கட்டினாலும் மாதச் சந்தாவாகவே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலக்கூடச் செயலியிலும் வேலை குறையும். ஆண்டுச் சந்தாவில் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் காசு போகிறது.

ஜென்கின்ஸ் இலவசம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரம் இலவசமல்ல. 4 ஜிபி ரேமாவது ஒதுக்குங்கள். பழைய பில்டுகளில் கடைசி 20 மட்டும் தங்கும்படி வையுங்கள், இல்லையேல் டிஸ்க் நிரம்பி ஒருநாள் எல்லாம் நின்றுவிடும். பேக்கப் எடுக்கும்போது மாஸ்டர் கீ கோப்பைத் தனியே வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் சேமித்த கடவுச்சொற்கள் எதுவும் திறக்காது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜனவரியில் வெளியான ஜென்கின்ஸின் பாதுகாப்பு ஓட்டை வழியாக, திருத்தம் போடாத சர்வர்களின் கோப்புகளை வெளியாள் படிக்க முடிந்தது. கட்டணச் சேவைக்கும் கண்டம் உண்டு: 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ என்ற சேவை தன் வாடிக்கையாளர்களை எல்லா ரகசியச் சாவிகளையும் மாற்றச் சொன்னது.

ஜென்கின்ஸ் ஓடும் கணினிப் பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உப்புக்காற்றை ஃபேன் உள்ளே இழுத்து, ரேம் செருகும் இடம் அரித்துவிடும். யுபிஎஸ் கட்டாயம்.

வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைக்காது. அதனால் கோடு ஏறியதும் கிட்ஹப் அனுப்பும் அறிவிப்பு (வெப்ஹூக்) உங்கள் ஜென்கின்ஸை எட்டாது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஜென்கின்ஸே போய்ப் பார்த்துவரும்படி போலிங் வையுங்கள். புயல் நாளில் இணையம் அறுந்தாலும் வேலை ஓடும் என்று நம்பி மட்டும் சொந்த சர்வர் போடாதீர்கள். கோடு கிட்ஹப்பில் இருந்தால் அதுவும் சும்மாதான் கிடக்கும். கோடும் அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்க வேண்டுமென்றால் சொந்தக் கணினியில் கோடு கிடங்கு வைக்கும் மென்பொருளான கிட்டீ போதும், கனமில்லாதது.

நாலு பேர் குழுவுக்கு எங்கள் பரிந்துரை நடுவழி: பைப்லைன் (பில்ட், டெஸ்ட் வரிசை) கிட்ஹப்பில், ஓடுவது உங்கள் பழைய கணினியில் போட்ட செல்ஃப்-ஹோஸ்டட் ரன்னரில், அதாவது கிட்ஹப் தரும் வேலையை உங்கள் கணினியிலேயே ஓட்டும் மென்பொருளில். ரன்னரே வெளியே இணைவதால் பப்ளிக் ஐபி தேவையில்லை, ஓடும் நிமிடங்கள் இலவச ஒதுக்கீட்டிலும் கழியாது. பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும் இதைக் கட்டாதீர்கள். யாரோ அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் (கோட்டில் மாற்றம் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) உங்கள் கணினியில் எதையும் ஓட்டிவிடக்கூடும்.

எதை எடுத்தாலும் பில்ட் கட்டளைகளை ரெப்போவிலேயே ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, சேவையின் அமைப்புக் கோப்பில் (கிட்ஹப், கிட்லேபில் யாம்ல், ஜென்கின்ஸில் ஜென்கின்ஸ்ஃபைல்) அதைக் கூப்பிடும் ஒரு வரியை மட்டும் வையுங்கள். நாளை விலை ஏறினால் மாற்ற வேண்டியது அந்தச் சிறு அமைப்புக் கோப்பும், புது இடத்தில் சாவிகளும்தான்.