வெளியே அனுப்பினால் யாருக்கு நிம்மதி?

வாசிப்புப் பாடம், ஆளுக்கு ஒரு பத்தி. தன் முறை வர இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். "வெளியே போய் நில்" என்கிறார் ஆசிரியர். போய்விடுகிறான். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் அவனுக்கு, அது வகுப்புக்கே தெரியாமல் தப்பித்ததே பெரிய நிம்மதி. நாளைக்கும் கிள்ளுவான்.

பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் பார்த்து, ஏன் செய்தது என்று பார்க்காமல் விடுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன். எந்தப் பாடவேளையில், எந்த வேலையைக் கொடுத்ததும் சேட்டை தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். அந்தப் பையனுக்கு நாளை வரப்போகும் பத்தியை இன்றே தனியாக வாசிக்கப் பழக்கினால், கிள்ள வேண்டிய தேவையே அவனுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது அடி. பள்ளியில் அடிப்பதை ஸ்வீடன் 1958லேயே தடை செய்துவிட்டது, நாமோ 'அடியாத மாடு படியாது' என்பதை இன்னும் விடவில்லை. மனக்கணக்குப் போட இரண்டு மூன்று எண்களை மனதில் ஏந்தி வைத்திருக்க வேண்டும், பிரம்பின் மேலேயே கண் இருக்கிற பிள்ளைக்கு அவை நழுவிப்போகும். வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் சந்தேகம் கேட்க ஒரு கைகூட உயராது, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

நூறு முறை எழுதச் சொல்வதும் அப்படித்தான். அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள்: 'நான்' என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை, பிறகு 'இனி' என்று இன்னொரு வரிசை. வாக்கியத்தை ஒரு தடவைகூட அவன் முழுதாகப் படித்திருக்க மாட்டான், எழுதுவது என்றாலே தண்டனை என்பது மட்டும் மனதில் பதிந்திருக்கும்.

ஒருவன் செய்ததற்கு வகுப்பையே நிற்க வைக்காதீர்கள், தப்பு செய்யாத பிள்ளைகளின் நம்பிக்கைதான் முதலில் போகும். இன்று சிரித்துவிட்டு விட்டதற்கு நாளை கத்துவதும் வேண்டாம். சின்னத் தவறுக்கும் இடைநீக்கம் என்று கறாராக இருந்தால் பள்ளி சீராகும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008லேயே சொல்லிவிட்டது. விட்டுப்போன பாடம் சேரச் சேர அந்தப் பிள்ளை வகுப்பிலிருந்து இன்னும் விலகிப்போகிறது.

சரி, கண்டிக்கவே கூடாதா? கண்டியுங்கள், தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி. கிழித்த புத்தகத்தை அவனே ஒட்டித் தரட்டும். மறுநாள் காலை பழசைக் கிளறாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள்.