பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க்கைக் கணினி டிரைவில் படிப்பது எப்படி?

பழைய கேம் டிஸ்க்கைக் கணினியில் போட்டால் படிக்குமா? எந்த கன்சோலின் டிஸ்க் என்பதைப் பொறுத்தது. பிளேஸ்டேஷன் 1, 2 இரண்டுக்கும் சாதாரண டிவிடி டிரைவே போதும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ கன்சோல்களின் டிஸ்க்குகளை அதே டிரைவில் போட்டால் சுற்றிச் சுற்றிவிட்டுக் கைவிரித்துவிடும். அதனால் முதலில் படிக்கக்கூடியவற்றைப் பார்ப்போம். அப்புறம் மற்றவை ஏன் அடம்பிடிக்கின்றன என்பதற்கு வருவோம்.

படி 1: டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்

அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் பிஎஸ்1. அடிப்பக்கம் நீலமாக இருந்தால் பிஎஸ்2-இன் சிடி, வெள்ளியாக இருந்தால் பிஎஸ்2-இன் டிவிடி. சிப் போட்ட (நகல் டிஸ்க்கும் ஓடும்படி உள்ளே சில்லு பொருத்திய) கன்சோலோடு சேர்த்து வாங்கிய டிஸ்க் என்றால் அது வீட்டில் எழுதும் வகை டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் இதே முறையில் படிக்கலாம். ஆனால் அதில் உள்ள சாயம் வருடக்கணக்கில் மங்கும் என்பதால் முதலில் அதை எடுத்து வையுங்கள்.

கறுப்பு நிறம்தான் நகல் தடுப்புப் பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதற்கு அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரிதான். உண்மையான பூட்டு டிஸ்க்கின் உள் ஓரத்தில் இருக்கிறது. அங்கே தடம் நேராக ஓடாமல் மிக லேசாக நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் இருக்கும்: ஜப்பான் டிஸ்க்கில் எஸ்சிஇஐ, அமெரிக்காவில் எஸ்சிஇஏ, ஐரோப்பாவில் எஸ்சிஇஇ. கன்சோல் அதைத் தேடிப் படிக்கும். கணினி டிரைவ் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் கணினியில் டிஸ்க் தாராளமாகத் திறக்கிறது. நகலெடுத்து எழுதிய டிஸ்க்கில் அந்த நெளிவு வராது, ஆகவே சிப் போடாத கன்சோல் அதை ஏற்காது.

படி 2: துடையுங்கள்

மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காதீர்கள். தடத்தின் போக்கிலேயே ஒரு கீறல் விழுந்தால் அடுத்தடுத்த தரவு மொத்தமாகப் போய்விடும். குறுக்கே விழும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

சிடி என்றால் மேல்பக்கத்தையும் கவனியுங்கள். படம் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் வெள்ளிப் படலம் இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடத்தில் தரவு போய்விட்டது, எந்த மெருகும் அதைத் திருப்பித் தராது. டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

படி 3: போட்டுத் திறந்து பாருங்கள்

டிரைவைத் திறந்ததும் ஃபைல்கள் தெரியும். அதில் சிஸ்டம்.சிஎன்எஃப் என்ற சின்ன ஃபைலை நோட்பேடில் திறங்கள். முதல் வரிகளில் பூட் என்று இருந்தால் பிஎஸ்1, பூட்2 என்று இருந்தால் பிஎஸ்2. அதே வரியில் கேமின் குறியீடும் இருக்கும். எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்க வெளியீடு, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ் என்றால் ஜப்பான். குறித்து வையுங்கள், படி 5-இல் வேண்டும். சில பழைய பிஎஸ்1 டிஸ்க்குகளில் இந்த ஃபைலே இருக்காது, பயப்பட வேண்டாம்.

சரி, ஃபைல்கள்தான் தெரிகின்றனவே, அப்படியே இழுத்து ஒரு ஃபோல்டரில் போட்டால் போதாதா? போதாது. டிஸ்க்கில் தரவு செக்டர் என்ற சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. சாதாரணத் தரவு சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட் தரவு. ஆனால் பிஎஸ்1 கேம்களின் வீடியோவும் ஓட்டத்தில் வரும் ஒலியும் பல நேரம் 2324 பைட் கொண்ட வேறுவகை செக்டரில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் அதையும் 2048 என்றே எண்ணிக்கொள்ளும். பாதியில் பிழை காட்டும், இல்லையென்றால் வால் அறுந்த ஃபைல் வந்து சேரும். பின்னணி இசையைத் தனி ஆடியோ டிராக்காக வைத்திருக்கும் கேம்களில் அந்த இசை ஃபைலாகத் தெரியவே தெரியாது.

படி 4: முழு இமேஜ் எடுங்கள்

இமேஜ் என்றால் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஃபைலாக எடுத்த முழு நகல். விண்டோஸில் அதற்கு இம்ஜ்பர்ன் என்ற நிரல் இலவசம், புதியவர்களுக்கு எளிது. நிறுவும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கவா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். திறந்ததும் டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் பொத்தானைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் இடத்தைக் காட்டுங்கள். படிக்கும் வேகத்தை 8 மடங்குக்கு மேல் வைக்க வேண்டாம். கீறல் உள்ள டிஸ்க்குக்கு 4 போதும். 8 மடங்கில் ஒரு முழு சிடிக்குச் சுமார் 9 நிமிடம் ஆகும்.

பிஎஸ்2 டிவிடிக்கு ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்று வரும், வேலை முடிந்தது. சிடி என்றால் ‘பின்’ (.bin), ‘க்யூ’ (.cue) என்று இரண்டு ஃபைல்கள் வர வேண்டும். பின் ஃபைலில் செக்டருக்கு 2352 பைட் முழுதாக இருக்கும். க்யூ என்பது எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சில வரி எழுத்துதான், ஆனால் அதை அழித்துவிட்டால் இசை டிராக்குகள் எங்கே என்று எமுலேட்டருக்கு (கன்சோல் கேமைக் கணினியில் ஓட்டும் நிரல்) தெரியாது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பின் ஃபைலின் பெயரை மாற்றினால் க்யூவுக்குள்ளும் மாற்ற வேண்டும்.

படிக்க முடியவில்லை என்று நடுவில் நின்றால், பிழைகளைப் புறக்கணி என்ற தேர்வைப் போட்டுத் தப்பிக்காதீர்கள். ஃபைலின் அளவு சரியாக இருக்கும், உள்ளே ஓட்டை இருக்கும், கேமின் கடைசிக் கட்டத்தில்தான் அது தெரியவரும். மறுபடி துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் தள்ளிய டிஸ்க்கை இன்னொன்று சத்தமில்லாமல் படிப்பது சகஜம்.

படி 5: சரிபாருங்கள்

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 7-ஜிப் நிரல் இருந்தால் ஃபைலை வலது க்ளிக் செய்து, அதன் கைரேகை போன்ற ஷா-1 எண்ணைக் கணக்கிடலாம். கேம் டிஸ்க்குகளின் விவரங்களைத் திரட்டும் ரீடம்ப் தளத்தில் கேமின் குறியீட்டைத் தேடி, அங்கே உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிஎஸ்2 டிவிடி என்றால் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். இசை டிராக்குகள் உள்ள சிடி இம்ஜ்பர்னில் ஒத்துப்போகாது. ரீடம்ப் ஒவ்வொரு டிராக்குக்கும் தனி எண் தருகிறது. தவிர, ஒவ்வொரு டிரைவும் ஆடியோவைச் சற்று முன்பின்னாகத் தொடங்கும். கேம் ஓட அது தடையில்லை. துல்லியம் வேண்டும் என்றால் எம்பிஎஃப் என்ற நிரலுக்குப் போங்கள், அது இந்த இடைவெளியைச் சரிசெய்து டிராக்குகளையும் பிரித்துத் தரும்.

பிஎஸ்1 இமேஜை டக்ஸ்டேஷன், பிஎஸ்2 இமேஜை பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரில் ஓட்டலாம். இரண்டுக்கும் கன்சோலின் பயாஸ் (கன்சோலைத் தொடக்கும் உள் மென்பொருள்) வேண்டும். அதை உங்கள் கன்சோலிலிருந்தே எடுங்கள்.

அடம்பிடிக்கும் டிஸ்க்குகள்

கேம்க்யூபின் 8 செ.மீ. டிஸ்க்கும் வீயின் டிஸ்க்கும் உடலளவில் டிவிடிதான். டிவிடியில் ஒவ்வொரு செக்டரின் தரவையும் ஒரு நிலையான முறையில் கலைத்து எழுதுவார்கள், படிக்கும்போது டிரைவ் நேராக்கும். நின்டெண்டோ அந்தக் கலைக்கும் முறையை மாற்றிவிட்டது. டிரைவ் வழக்கம்போல் நேராக்கிப் பார்க்கும், சரிபார்ப்பு எண் ஒத்துவராது, டிஸ்க் கெட்டுப்போனது என்று முடிவுகட்டும். எல்ஜியின் பழைய ஜிடிஆர்-8161பி முதல் 8164பி வரையானவை போன்ற சில டிரைவ்களில் டிரைவின் உள் நினைவகத்தை நேரடியாக எட்டிப் பார்க்க வழி இருந்தது; ஃப்ரீடம்ப் என்ற நிரல் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. என்னைக் கேட்டால் அந்த டிரைவைத் தேடி அலைவதைவிட, ஹோம்ப்ரூ போட்ட (வெளியார் எழுதிய நிரல்களும் ஓடும்படி மாற்றிய) வீயில் க்ளீன்ரிப் என்ற நிரலை ஓட்டி யுஎஸ்பியில் எடுப்பது எவ்வளவோ மேல்.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் ஜிடி-ரோம் டிஸ்க் பாதிதான் தெரியும். உட்பக்கம் சாதாரண சிடி. கேம் இருப்பது 45000-ஆம் செக்டரிலிருந்து தொடங்கும் நெருக்கமான பகுதியில், அதை டிரைவ் பார்ப்பதில்லை. முதல் எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கைப் போட்டால் இதை எக்ஸ்பாக்ஸில் போடவும் என்று சொல்லும் குட்டி வீடியோ மட்டும் வரும். கேமைப் பார்க்க, சாம்சங் எஸ்எச்-டி162சி போன்ற டிரைவில் க்ரியான் என்ற ஃபர்ம்வேரை (டிரைவின் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும். பிஎஸ்3 டிஸ்க் ப்ளூரே டிரைவில் ஃபோல்டர்களைக் காட்டும், ஆனால் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டது. அந்த டிஸ்க்குக்கான சாவி வேண்டும். ப்ளூரே டிரைவ் வாங்கும் எண்ணம் இருந்தால், ஆர்பிசிஎஸ்3 என்ற பிஎஸ்3 எமுலேட்டரின் தளத்தில் பொருந்தும் டிரைவ்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.