முதல் ராத்திரி பார்ட்டிக்குக் கிளம்பும் தம்பிக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ராத்திரி பார்ட்டிக்காக முதன்முதலில் பெங்களூர் பஸ் ஏறியது 2019 தொடக்கத்தில். தன்பாலுறவு குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன 377 தீர்ப்பு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அன்று நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யக் கூடாது.

முதலில் உடுப்பு. இதற்கென்று புதிதாக எதுவும் வாங்காதீர்கள். "ஜிம் பாடி இருந்தால்தான் அங்கே மதிப்பு" என்று டேட்டிங் ஆப்பில் ஒருவர் சொன்னதை நம்பி, உடம்பைக் கவ்வுகிற கறுப்பு டீ-சர்ட் ஒன்று வாங்கினேன். தினமும் துணியோடு புழங்குகிற எனக்கே அன்று புத்தி வேலை செய்யவில்லை. விடிய விடிய வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

அடுத்தது குரல். இதை நிதானமாகப் படியுங்கள். உள்ளே போனதும் என் குரல் தானாகக் கனத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் நடையைப் பார்த்துச் சிரித்த நாளிலிருந்து, கையை ஆட்டாமல் பேசவும் காலை அகட்டி உட்காரவும் நானாகப் பழகிக்கொண்டவன் நான். ஊருக்காகப் போட்ட அந்த வேஷத்தை, ஒளிக்கத் தேவையே இல்லாத இடத்துக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். கண்ணுக்கு மை தீட்டிய ஒரு பையன் பேச வந்தான். "பொண்ணு மாதிரி இருக்கறவங்க எனக்குச் செட் ஆகாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "சரிங்ணா" என்று நகர்ந்துவிட்டான். நம் கொங்குப் பக்கத்துப் பையன். அந்தச் "சரிங்ணா" இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் ப்ரொஃபைலில் "ஆம்பளைத்தனமானவர்கள் மட்டும்" என்று எழுதாதீர்கள். 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் நிறையப் பேர் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியில், பெண்தன்மை என்ற கேலிக்குப் பதில் சொல்வதுபோல மீசை, இறுக்கமான ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை என்று ஒரு கோலம் பரவியது. எல்லோரும் ஒரே அச்சாக இருந்ததால் 'க்ளோன்' என்றே பெயர் வந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில், தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடி உடுப்பும் நடையும் காட்டுகிற பால்ரூம் போட்டிகளில் 'ரியல்னஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. ஆபீஸ் அதிகாரி மாதிரியோ தெருப் பையன் மாதிரியோ, யாரும் சந்தேகப்படாதபடி நடந்து காட்ட வேண்டும். அதைப் படித்தபோது, மாமன் வீட்டுச் சீருக்கும் விசேஷத்துக்கும் நான் வருஷக்கணக்காக நடந்த நடை நினைவுக்கு வந்தது. அவர்களுக்காவது கைதட்டல் கிடைத்தது.

"டாப்பா, பாட்டமா?" என்று, அதாவது படுக்கையில் உங்கள் பங்கு எது என்று, பேர் கேட்பதற்கு முன்னாலேயே கேட்பார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "முதல்ல பேரைச் சொல்லுங்க" என்றால் போதும். அதற்கே எழுந்து போகிறவர் போகட்டும்.

ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடிப்பாடுவது போன்ற டிராக் நிகழ்ச்சி இருந்தால் முன்னால் போய் நில்லுங்கள். மேடையில் இருப்பவர் மணிக்கணக்கில் மேக்கப் போட்டு வந்திருப்பார், வேஷம் என்று சொல்லிக்கொண்டே போடுகிறார். அந்தத் தைரியம் எனக்கு வர ரொம்ப நாளானது.

யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், பலருக்கு வீட்டில் தெரியாது. எங்கே போகிறீர்கள் என்பது ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் ஆட்டம். மூன்றாவது தடவை போனபோதுதான் நான் ஆடினேன், அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பழைய சட்டையோடு. அங்கே எல்லோரும் ஆடுகிற இடுப்பாட்டம் எனக்கு வரவில்லை. ஊர் நோம்பியில் வள்ளிக்கும்மி ஆடிய கால் இது. குனிந்து, தட்டி, திரும்பி, மறுபடி தட்டி என்று ஆரம்பித்தேன். டிஜே போட்ட தாளத்துக்குச் சரியாகவே விழுந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் நின்று, "இது என்ன ஸ்டெப்பு?" என்றான். கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன்.