சிறிய சி.என்.சி. மில்லிங் மெஷினுக்கு மிஸ்ட் கூலன்ட்: கம்ப்ரஸரிலிருந்து தொடங்குங்கள்

கணினிக் கட்டளைப்படி வெட்டும் சி.என்.சி. மெஷினில், அலுமினியத்தில் முதல் முறை பாக்கெட் (பள்ளம்) வெட்டும் பலருக்கும் இது நடக்கும். முதல் இரண்டு நிமிடம் சத்தம் சீராக இருக்கும். பிறகு சட்டென்று சுருதி மாறும், கட்டர் கத்தும், எமர்ஜென்சி பட்டனை அழுத்துவோம். அந்தக் கட்டரை, அதாவது எண்ட் மில்லைக் கழற்றிப் பார்த்தால் ஃபுளூட் எனும் அதன் பள்ளங்கள் முழுக்க அலுமினியம் பற்ற வைத்ததுபோல் ஒட்டியிருக்கும்.

வெட்டிய சீவல் வெளியே போக வழியில்லாமல் பாக்கெட்டிலேயே கிடந்ததுதான் காரணம். கட்டர் அந்தச் சீவலையே திரும்பத் திரும்ப அரைக்கிறது, சூடு ஏறுகிறது, மெத்தென்று ஆன அலுமினியம் வெட்டு முனையில் அப்பிக்கொள்கிறது. அதனால் சிறிய மெஷினில், வெட்டும் இடத்தில் அடிக்கும் கூலன்டின் முதல் வேலை சீவலை ஊதித் தள்ளுவது. இரண்டாவது, ஒட்டாமல் வழுக்க வைப்பது. குளிர்விப்பது மூன்றாவதுதான். வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி சீவலோடு போய்விடும்; சீவலை வெளியேற்றினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெரிய மெஷின்களில் கூலன்டை அருவிபோல் கொட்டுவார்கள். நம் மேஜை மெஷினில் அதற்கான தொட்டியோ மூடிய கூண்டோ இருக்காது. பல மெஷின்களின் பெட் (அடிமேடை) மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஆகவேதான் காற்றோடு கொஞ்சம் திரவத்தைக் கலந்து அடிக்கும் மிஸ்ட் கூலன்ட்.

நான் முதலில் வாங்கியது இரண்டு டியூப் கொண்ட மலிவான சைபன் வகை. மாட்டி ஓட்டியபோது கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. இருபது நிமிடத்தில் அதன் தலையைத் தொட முடியவில்லை. அறையில் விளக்கைச் சுற்றிப் பனிபோல் ஒரு வட்டம், இரவு முழுக்கத் தொண்டைக் கரகரப்பு. ஊதும் முனையான நாசிலில் ஒரு குறையும் இல்லை. என் கம்ப்ரஸர் எவ்வளவு காற்று தரும், அந்த அறையில் நான் எதைச் சுவாசிப்பேன் என்ற இரண்டையும் கேட்காமலே வாங்கிவிட்டேன். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த அனுபவத்தில் வந்தது.

படி 1: திரவம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மரம், எம்.டி.எஃப். என்றால் வெறும் காற்றும் தூசி உறிஞ்சியும் போதும். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். அதிலுள்ள கிராஃபைட் தூள் திரவத்தோடு சேர்ந்தால் கறுப்புச் சேறாகி மெஷினின் ரெயில் எல்லாம் ஏறும். பித்தளையும் உலர்வில் நன்றாக வெட்டுப்படும். அக்ரிலிக்குக்குக் காற்று மட்டும் போதும். அதன்மேல் ஆல்கஹால் அடித்தால் மயிரிழை போன்ற விரிசல்கள் விழும்.

எஃகு கொஞ்சம் வேறு மாதிரி. அலுமினியம்-டைட்டானியம் நைட்ரைடு பூச்சுள்ள கார்பைடு கட்டர்கள் சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டவை. மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் வெட்டும்போது சூடாகி, வெளியே வந்ததும் ஆறும். அந்த நேரத்தில் திரவமும் விட்டுவிட்டுப் பட்டால் முனையில் நுண்விரிசல் வரும். வெறும் காற்று, மிஞ்சிப்போனால் மிகச் சிறிதளவு எண்ணெய், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே பூச்சுள்ள கட்டரை அலுமினியத்துக்கு எடுக்காதீர்கள். பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் இன்னும் எளிதாக ஒட்டும். பூச்சில்லாத, நன்றாகப் பாலிஷ் செய்த கட்டர்தான் அங்கே நல்லது.

மக்னீசியத்தைத் தொடக்கநிலையில் தொடவே வேண்டாம். அதன் சீவல் தீப்பிடிக்கும், தண்ணீர் அதை மோசமாக்கும்.

ஆக, திரவம் உண்மையில் அவசியமாவது அலுமினியத்துக்குத்தான். நீங்கள் அதை வெட்டப் போவதில்லை என்றால் ஒரு நாசிலும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வாங்கி, அடுத்த படியை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

படி 2: உங்கள் கம்ப்ரஸரை அளந்து பாருங்கள்

கம்ப்ரஸர்மேல் அச்சடித்திருக்கும் எண் பல நேரங்களில் பிஸ்டன் உள்ளிழுக்கும் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. வாட்ச் ஒன்று இருந்தால் நீங்களே உண்மையான அளவைக் கண்டுபிடிக்கலாம்.

டேங்க் 24 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவுட்லெட்டை மூடிவிட்டு ஓடவிடுங்கள். அழுத்தம் காட்டும் முள் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். ஏறியது 2 பார். 24 லிட்டரை 2 ஆல் பெருக்கினால் 48 லிட்டர் சாதாரணக் காற்று உள்ளே போயிருக்கிறது. அதற்கு 40 நொடி ஆனால், நிமிடத்துக்கு 72 லிட்டர்.

இந்த 72-ஐ முழுதாக நம்பிச் செலவழிக்கக் கூடாது. சிறிய பிஸ்டன் கம்ப்ரஸர்களில் பல, பாதி நேரம் ஓடிப் பாதி நேரம் ஓய்வெடுக்கும்படி கட்டப்பட்டவை. சி.என்.சி. வேலையோ ஒரு மணி, இரண்டு மணி என்று நீளும். ஆகவே நம் கையிருப்பு சுமார் 36 லிட்டர்.

இனி நாசில். 1 மி.மீ. துளையில் 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் காற்று வெளியேறும். துளையின் விட்டம் இரட்டிப்பானால் காற்று நான்கு மடங்கு. 2 மி.மீ. துளை என்றால் அதே 2 பாரில் சுமார் 100 லிட்டர். நம் கையிருப்பான 36-ல் முதலாவது அடங்கும், இரண்டாவது கம்ப்ரஸரை எரித்துவிடும். வாங்கும்போது துளை அளவையும் எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு காற்று என்பதையும் கேளுங்கள். இரண்டும் தெரியாத நாசிலை விட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே நாசில் கையில் இருந்தால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். டேங்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, நாசிலைத் திறந்துவிட்டு 6 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும் நேரத்தை அளந்தால் அது குடிக்கும் காற்று தெரிந்துவிடும்.

குளிர்காற்றுத் துப்பாக்கி என்று ஒன்று விற்பார்கள். திரவமே இல்லாமல் உறைபனிக் காற்று என்று கேட்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் அவற்றில் பல நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் கேட்கும். மேஜைக் கம்ப்ரஸருக்கு அது எட்டாது.

கம்ப்ரஸருக்கும் நாசிலுக்கும் நடுவே நீர்ப்பிரிப்பான் உள்ள ஃபில்டர் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். அழுத்திய காற்று ஆறும்போது தண்ணீர் விடும். அது நாசிலில் துப்பித் துப்பி வரும். டேங்கின் அடியிலுள்ள வால்வையும் ஒவ்வொரு நாளும் திறந்து வடித்துவிடுங்கள்.

படி 3: மூன்று வகையில் ஒன்று

சைபன் வகையில் வேகமாகப் போகும் காற்றே பாட்டிலிலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுக்கும். எளிது, மலிவு. ஆனால் உறிஞ்சுவதற்கு அதிக அழுத்தம் வேண்டும். அதிக அழுத்தம் திரவத்தைப் பொடிப்பொடியாக உடைக்கும், அறை மூடுபனியாகும். பாட்டிலின் உயரம் கொஞ்சம் மாறினாலும் அளவும் மாறும்.

இரண்டாவது, அழுத்தம் ஏற்றிய சிறு தொட்டி. திரவம் தொட்டியின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு, காற்றுக் குழாய்க்குள்ளேயே ஓடும் மெல்லிய டியூப் வழியாக நாசில் முனைவரை தனியாக வரும். கலப்பது முனையில்தான். 1 பார் அளவிலேயே வேலை நடக்கும். துளிகள் பெரிதாக இருப்பதால் ஜாப்மேல், அதாவது வெட்டப்படும் துண்டின்மேல் போய் விழும், காற்றில் மிதக்காது. தொடக்கநிலையில் உள்ள ஒருவர் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறார் என்றால் இதையே சொல்வேன். சோடா பாட்டிலையோ பி.வி.சி. குழாயையோ வைத்துத் தொட்டியை நீங்களே செய்ய நினைக்காதீர்கள். காற்றழுத்தத்தில் பி.வி.சி. வெடித்தால் கத்திபோல் துண்டு துண்டாகப் பறக்கும். அழுத்தத்துக்கென்றே செய்த, பாதுகாப்பு வால்வு உள்ள தொட்டி மட்டுமே.

மூன்றாவது, பம்ப் வைத்து அளந்து விடும் வகை. சின்ன பிஸ்டன் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் அனுப்பும். ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து மில்லி போதும். ஜாப் கிட்டத்தட்ட உலர்வாகவே வெளியே வரும். விலை அதிகம். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் ஸ்டெப்பர் மோட்டாரில் ஓடும், டியூபை உருளையால் நசுக்கித் திரவத்தைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் வைத்து இதையே செய்துகொள்கிறார்கள். சுழலும் வேகத்தை மாற்றினால் அளவு மாறும், மோட்டார் நின்றால் டியூப் தானாக நசுங்கி மூடிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

படி 4: எந்தத் திரவம்

தண்ணீரில் கலக்கும் கூலன்ட் குளிர்விக்கும், எளிதில் கழுவலாம். 5 முதல் 10 சதவீதம் கலப்பது வழக்கம். டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். தண்ணீரில் கூலன்டை ஊற்ற வேண்டும். கூலன்டில் தண்ணீரை ஊற்றினால் திரிந்துபோகும். பல நாள் தேங்கினால் பாக்டீரியா வளர்ந்து அழுகிய வாடை வரும். அதைத் தெளிப்பது கிருமியையே தெளிப்பதாகும், உடனே கொட்டிவிடுங்கள்.

தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் வகை எண்ணெய்கள் பம்ப் முறைக்குப் பொருத்தம். துரு பிடிக்காது, கொஞ்சமே செலவாகும். எம்.டி.எஃப். பெட் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் அருமை என்று பழைய கைகள் சொல்வார்கள். பிரஷ்ஷால் தொட்டு வைக்கும்வரை சரி. அதைக் காற்றில் தெளித்தால் கதை வேறு. திரவமாக இருக்கும்போது சுலபத்தில் பற்றாத எண்ணெய்கூட நுண்துளியானால் பற்றும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும். பக்கத்தில் கட்டரைச் சுழற்றும் பிரஷ் மோட்டார் ஸ்பிண்டில் பொறி கக்கிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய், ஆல்கஹால் இரண்டையும் மிஸ்ட் தொட்டியில் ஊற்றவே கூடாது.

படி 5: மூச்சு

பத்து மைக்ரானுக்கும் சிறிய துளிகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். தோல் அரிப்பு, ஆஸ்துமா, நுரையீரல் ஒவ்வாமை அழற்சி என்று உலோக வேலைத் திரவங்களால் வரும் நோய்கள் நன்றாகப் பதிவானவை. அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷ் 1998-இல் இந்தத் திரவங்களின் நுண்துளிக்குப் பரிந்துரைத்த வரம்பு, நுரையீரல் குழாய்களுக்குள் போகக்கூடிய அளவில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராம். ஒரு அறை முழுக்கப் பரவிய பிறகு அது எவ்வளவு சொற்பம் என்று யோசியுங்கள்.

வீட்டில் அதை அளக்கும் கருவி இருக்காது. ஆனால் ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, மிஸ்ட் ஓடும்போது ஒளிக்கற்றையைக் குறுக்காக அடித்துப் பாருங்கள். நாசிலைத் தாண்டி, உங்கள் முகம் இருக்கும் உயரத்தில் கற்றை வெள்ளையாகத் தெரிந்தால் அதைத்தான் சுவாசிக்கிறீர்கள். அழுத்தத்தையும் திரவத்தையும் குறையுங்கள், மெஷினைச் சுற்றி மறைப்பு வையுங்கள், வெளியே இழுக்கும் ஃபேன் போடுங்கள். முகக்கவசம் கடைசி அரண். அதிலும் என்95 எண்ணெய்த் துளிக்கு ஆனது அல்ல; அந்த ‘என்’ எழுத்துக்கே எண்ணெயைத் தாங்காது என்று பொருள். பி100 வகை தாங்கும்.

படி 6: தானாகத் திறந்து மூட

மெஷினுக்கு வேலை சொல்லும் ஜி-கோடில் எம்7 என்றால் மிஸ்ட், எம்8 என்றால் கொட்டும் கூலன்ட், எம்9 என்றால் இரண்டும் நிறுத்து. கன்ட்ரோலரிலிருந்து ரிலே எனும் மின்சுவிட்ச், ரிலேயிலிருந்து மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு. பல சிறிய கன்ட்ரோலர்களில் ஓடும் மென்பொருளான ஜி.ஆர்.பி.எல். 1.1-இல் எம்7 தொடக்கத்தில் அணைத்தே இருக்கும். கான்ஃபிக் ஃபைலில் அந்த வரியைத் திறந்து மீண்டும் ஏற்ற வேண்டும், அல்லது எம்8-ஐயே மிஸ்டுக்குப் பயன்படுத்தலாம். டி.சி. சோலினாய்டு என்றால் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுங்கள். இல்லாவிட்டால் அணைக்கும்போது எழும் மின்துடிப்பு கன்ட்ரோலரைக் குழப்பி, ஓடும் வேலையே நின்றுபோகலாம்.

காற்றை மட்டும் மூடினால் போதாது. திரவத் தொட்டி நாசிலைவிட உயரத்தில் இருந்தால் இரவெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். திரவத்துக்கும் தனி வால்வு வேண்டும், அல்லது தொட்டியைக் கீழே வையுங்கள்.

எம்7-க்குப் பிறகு ஜி4 கட்டளையால் இரண்டு மூன்று நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். திரவம் டியூபைக் கடந்து வர அந்த நேரம் ஆகும்.

படி 7: மாட்டி, சரிசெய்து, வெட்டுவது

நாசிலை ஸ்பிண்டில் பிராக்கெட்டிலேயே மாட்டுங்கள். மேலே கீழே போனாலும் குறி மாறாது. கட்டர் முனையிலிருந்து 25 முதல் 40 மி.மீ. தள்ளி, சாய்வாகக் கீழ்நோக்கி. கட்டரைப் பிடிக்கும் காலெட்டை நோக்கி ஊதினால் சீவல் பேரிங்கில் ஏறும். சீவல் எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்து அங்கே தடுப்பு வையுங்கள். அலுமினியச் சீவல் மின்சாரம் கடத்தும், கன்ட்ரோலர் பெட்டியின் காற்றுத் துளைக்குள் ஒன்று போனாலும் போதும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் காற்றைத் திறக்காதீர்கள்.

முதலில் திரவத்தை மூடிவிட்டுக் காற்றை மட்டும் வைத்து ஒரு பாக்கெட் வெட்டுங்கள். பாக்கெட்டின் மூலையில் சீவல் தங்காத குறைந்தபட்ச அழுத்தத்தைக் கண்டுபிடித்து ரெகுலேட்டரை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஸ்பிண்டிலை நிறுத்தி, நாசிலுக்கு 30 மி.மீ. முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஊசி வால்வை மயிரளவு மயிரளவாகத் திறங்கள். பத்து நொடியில் தாள் லேசாக ஈரம் படிந்து பளபளக்க வேண்டும். சொட்டு வழிந்தால் அதிகம்.

இனி வெட்டுங்கள். சீவல் தனித்தனியாக, பளிச்சென்று பறந்தால் அளவு சரி. ஈரமாகச் சேர்ந்து கட்டி கட்டியாக விழுந்தால் திரவத்தைக் குறையுங்கள். கட்டரின் முனையில் வெள்ளி நிறக் கோடு படிய ஆரம்பித்தால் கொஞ்சம் கூட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி முனையைப் பாருங்கள்; முதல் ஜாப் முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.