உடைந்த டாஷ்போட் பிளாஸ்டிக்கை ஒட்டுவது எப்படி: எங்கள் கேஈ 70 இல் செய்தது

எங்கள் 1981 கொரோலா கேஈ 70 இல் மீட்டரைச் சுற்றியுள்ள கவரில் திருகாணி போடும் இரண்டு காதுகள் முறிந்து, ஒரு மூலையும் வெடித்திருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் மட்டக்களப்பு வெயிலில் நின்ற வண்டி. வேறொரு பழைய கவரைத் தேடிப் பிடித்தாலும் அதற்கும் இதே வயதுதான். அதனால் உள்ளதையே காப்பாற்றினேன்.

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். பின்பக்கத்தில் ஏபிஎஸ் (ABS), பிபி (PP) என்று பிளாஸ்டிக் வகையை அச்சிட்டிருக்கலாம். இல்லையென்றால் மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் ஏபிஎஸ்தான், ஏபிஎஸ் துண்டை அசிட்டோனில் கரைத்த பசையால் ஒட்டும் இந்த முறை சரிவரும். ஒன்றும் ஆகாவிட்டால் ஒரு சில்லைக் கிணற்றுத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பிபி. அது அசிட்டோனில் கரையாது.

சுப்பர் குளு வேண்டாம். ஒட்டியதும் கல்லுப்போல இருக்கும், ஆனால் திருகாணி இறுக்கும்போது அதே இடத்தில் விட்டுவிடும். முன்பு யாராவது பூசியிருந்தால் முழுவதும் சுரண்டி எடுங்கள், அதன் மேல் எதுவும் பிடிக்காது.

ஏபிஎஸ் என்று அச்சிட்ட கறுப்புத் துண்டு ஒன்றைப் பொடியாக வெட்டி, ஜாம் போத்தலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் விட்டு மூடி, ஓர் இரவு வையுங்கள். தயிருக்கு ஊற்றுகிற பாணியின் பதத்துக்கு வர வேண்டும். யோகட் கோப்பையில் கலக்காதீர்கள், அதுவும் கரையும். வள்ளங்களுக்கு ஃபைபர் பூசுபவர்கள் வாங்கும் கடையில் அசிட்டோன் கேட்டுப் பாருங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் சாமான், வெளியே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

வெடிப்பை ‘வி’ வடிவில் கீறி, முன்பக்கத்தில் அலுமினிய டேப் ஒட்டி, பின்பக்கத்தால் நிரப்புங்கள். மாஸ்கிங் டேப்பின் பசையை அசிட்டோன் இளக்கிவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில்தான். பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பினேன். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசிய மதியம் அது. மேலே தோல் கட்டிவிட்டது, தட்டினால் காய்ந்த சத்தம். மறுநாள் அரத்தாள் போட்டதும் தோல் கிழிந்து, உள்ளே களிபோல இழுபட்டது. இரண்டு நாள் விட்டபிறகு நடுவில் குழியும் விழுந்தது. முழுவதையும் தோண்டி எடுத்து மறுபடி தொடங்கினேன். காலையில், நிழலில், ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசுங்கள். அடுத்த பூச்சுக்கு முன் ஒரு நாள் விடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் கை வைக்கவே வேண்டாம். மூக்கருகே பிடித்தால் அசிட்டோன் வாடை துளியும் வரக்கூடாது.

காதுகளுக்குப் பசை மட்டும் போதாது. பின்பக்கம் எவர்சில்வர் வலைத் துண்டை வைத்து, சோல்டரிங் அயனால் மெல்ல அழுத்திப் புதைத்து, மேலே பசை பூசினேன். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

அப்புறம் 180, 320, 600 அரத்தாள், மெல்லிய பூச்சுகளாகப் பளபளப்பில்லாத மட் கறுப்புப் பெயின்ட்.

பிற்சேர்க்கை: நெயில் பொலிஷ் ரிமூவர் ஆகுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். பலவற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இல்லை. சுத்தமான அசிட்டோன்தான் வேண்டும். இன்னொருவருக்குத் திருகாணி இறுக்கும்போது காது மறுபடி வெடித்ததாம். தலைக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் போட்டு, கையால் மட்டும் இறுக்குங்கள்.