விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வரை குளோன் செய்வது எப்படி?

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (மெஷினை) ஓட்டும் மென்பொருள். அதில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அப்டேட் போட்டு, தேவையான மென்பொருளை எல்லாம் ஏற்றி வைத்தாயிற்று. இதே போல இன்னொரு மெஷின் வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், குளோன் செய்தால் போதும். ஆனால் குளோன் அச்சு அசலான பிரதி என்பதால் மெஷினின் பெயர், அடையாள எண், எஸ்எஸ்ஹெச் சாவி (வேறு கணினியிலிருந்து லாகின் செய்யும்போது மெஷினை அடையாளம் காட்டுவது) எல்லாம் அப்படியே கூட வரும். பட்டனை அழுத்துவது சுலபம். இவற்றை மாற்றுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது விர்ச்சுவல்பாக்ஸ் 7-க்கு.

தொடங்கும் முன்

மூல மெஷினை உள்ளேயிருந்தே ஷட்டவுன் செய்யுங்கள். ஜன்னலை மூடும்போது வரும் 'சேவ் ஸ்டேட்' வேண்டாம்.

அடுத்து இடம். டிஸ்க்கை 25 ஜிபி என்று அமைத்திருந்தாலும், தேவைக்கேற்ப வளரும் டைனமிக் வகை என்றால், டிஸ்க்காகச் செயல்படும் விடிஐ கோப்பு 8 ஜிபிதான் இருக்கலாம். குளோனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். எக்ஸ்டர்னல் டிரைவில் வைப்பதாக இருந்தால் அது ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது. 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது ஏற்காது, பாதியில் பிழை வரும்.

குளோன் எடுத்தல்

1. பட்டியலில் மெஷின் மீது ரைட் கிளிக் செய்து 'குளோன்' தேர்ந்தெடுங்கள்.

2. புதுப் பெயர் கொடுங்கள். இது விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் தெரியும் பெயர் மட்டுமே, உபுண்டுவுக்குள் பழைய பெயர்தான் இருக்கும்.

3. மேக் முகவரி என்பது நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண். 'மேக் அட்ரஸ் பாலிசி'யில் எல்லா அடாப்டருக்கும் புது முகவரி உருவாக்கும் தேர்வை எடுங்கள். பிரிட்ஜ்டு நெட்வொர்க்கில் (மெஷின் நேரடியாக ரௌட்டரின் நெட்வொர்க்கில் சேரும் முறை) ஒரே மேக் முகவரியோடு இரண்டு மெஷின் ஓடினால் இணைப்பு விட்டுவிட்டு வரும்.

4. வகை கேட்கும்போது 'ஃபுல் குளோன்'. 'லிங்க்டு குளோன்' சில நொடிகளில் முடியும், இடமும் மிகக் குறைவு. ஆனால் அது மூல மெஷினின் டிஸ்க்கை நம்பியே இயங்கும். மூலத்தை அழித்தாலோ, குளோனை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனாலோ திறக்காது. ஒரு வாரச் சோதனைக்கு என்றால் லிங்க்டு தாராளம்.

5. ஸ்னாப்ஷாட் (முன்பு சேமித்து வைத்த மெஷினின் நிலை) இருந்தால், இப்போதைய நிலை மட்டும் போதுமா, எல்லாம் வேண்டுமா என்று கேட்கும். முன்னதே போதும்.

விடிஐ கோப்பை ஃபோல்டரில் காப்பி-பேஸ்ட் செய்து குறுக்குவழி தேட வேண்டாம். டிஸ்க்கின் உள்ளே யுயுஐடி என்ற எண் பதிந்திருக்கிறது. காப்பியிலும் அதே எண் இருப்பதால், ஏற்கெனவே இந்த டிஸ்க் உள்ளது என்று விர்ச்சுவல்பாக்ஸ் மறுத்துவிடும்.

முதல் பூட்டில் செய்ய வேண்டியவை

மூல மெஷினை அணைத்தே வைத்துவிட்டு, குளோனை மட்டும் ஓடவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலிலேயே லாகின் செய்யுங்கள்.

*பெயர்:* 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையால் புதுப் பெயர் வையுங்கள். 'எட்சி' ஃபோல்டரில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலும் மாற்றுங்கள். அதை விட்டால் 'சுடோ' போடும்போது ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வரலாம்.

*மெஷின்-ஐடி:* மேக் முகவரியை மாற்றிய பிறகும் இரண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி கிடைக்கிறதா? காரணம் இதுதான். உபுண்டு சர்வர் ரௌட்டரிடம் ஐபி கேட்கும்போது, 'எட்சி'யில் உள்ள 'மெஷின்-ஐடி' கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் காட்டுகிறது. ரௌட்டருக்கு இரண்டும் ஒரே ஆள். 'ட்ரங்கேட்' கட்டளையால் அந்தக் கோப்பைப் பூஜ்ய அளவுக்குக் காலி செய்து ரீபூட் செய்யுங்கள், புது எண் தானே உருவாகும். கோப்பை அழிக்க வேண்டாம், காலியாக இருந்தால் போதும்.

*எஸ்எஸ்ஹெச் சாவி:* 'எட்சி'க்குள் உள்ள 'எஸ்எஸ்ஹெச்' ஃபோல்டரில் 'எஸ்எஸ்ஹெச்_ஹோஸ்ட்' என்று தொடங்கும் கோப்புகளை நீக்கி, 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' மூலம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரை மறுபடி அமையுங்கள். வெளியிலிருந்து முதல் தடவை இணைவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால், சாவி மாறிவிட்டது என்ற மிரட்டல் செய்தி வராது.

*ஐபி:* உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் நிலையான ஐபி கொடுத்திருந்தால் குளோனில் வேறு எண் போடுங்கள். நாட் முறையில் (மெஷின் உங்கள் கணினியின் வழியாகவே வெளியே போகும் முறை) இரண்டிலும் 10.0.2.15 என்று தெரிவது கோளாறு இல்லை. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் தனித் தனி நெட்வொர்க்.

நாட் முறையில் வேறொரு பொறி இருக்கிறது. உங்கள் கணினியின் 2222 போர்ட்டுக்கு வருவதை மெஷினின் 22-க்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் விதி வைத்திருந்தால் அதுவும் குளோனுக்கு வந்திருக்கும். இரண்டையும் ஓடவிட்டால் முதலில் தொடங்கிய மெஷின் 2222-ஐப் பிடித்துக்கொள்ளும். குளோனில் நுழைவதாக நினைத்து மூலத்தில் நுழைவீர்கள். கடவுச்சொல்லும் ஒன்றே என்பதால் சந்தேகமே வராது. குளோனின் நெட்வொர்க் செட்டிங்ஸில் 2223 என்று மாற்றுங்கள்.

அடிக்கடி குளோன் எடுப்பவர்களுக்கு

ஒரு மெஷினை, குளோன் எடுப்பதற்கான அச்சாக (டெம்ப்ளேட்) ஒதுக்கி, மெஷின்-ஐடியைக் காலி செய்த கையோடு ஷட்டவுன் செய்து வையுங்கள். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குளோனும் முதல் பூட்டில் தனக்கென எண் உருவாக்கிக்கொள்ளும். அப்டேட் போட அச்சைத் திறந்தால் அதுவும் ஓர் எண் எடுத்துக்கொள்ளும், அணைக்கும் முன் மறுபடி காலி செய்ய வேண்டும். ஏற்கெனவே எடுத்த குளோன்களுக்கு, லிங்க்டு ஆனாலும், இந்த அப்டேட் போய்ச் சேராது. அவற்றுக்குத் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.